அப்பத்தா கைக்கு ஏற்ற போன்: கடலோர வீடுகளுக்கான செட்டிங்ஸ்

பட்டன் போனில் பச்சையை அழுத்தினால் பேச்சு, சிவப்பை அழுத்தினால் முடிந்தது. பல வருஷம் அப்படியே பழகியவரிடம் ஸ்மார்ட்போனைக் கொடுத்துவிட்டு, "அவங்களுக்கு மண்டையில ஏறல" என்று சலித்துக்கொள்வது நியாயமில்லை. கடையிலிருந்து வரும் போன் இளவட்டங்களின் விரலுக்கும் கண்ணுக்கும் அமைத்தது. மெதுவாகத் தொட்டால் ஒன்று நடக்கும், அழுத்தித் தொட்டால் வேறொன்று, ஓரத்தில் தேய்த்தால் இன்னொன்று. வேண்டாததை அணைத்து, வேண்டியதை ஒரே இடத்தில் நிறுத்தினால், ஐயாவும் அப்பத்தாவும் தானாகவே ஓட்டிக்கொள்வார்கள்.

கீழே உள்ளவை ஆண்ட்ராய்டு போனுக்கானவை. கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் மாறும். தேடி அலைய வேண்டாம், செட்டிங்ஸின் உச்சியில் உள்ள தேடல் கட்டத்தில் பெயரைத் தட்டினால் அந்த இடத்துக்கே கொண்டுபோய் விடும்.

முதலில் விரல்

எல்லோரும் எழுத்தைப் பெரிதாக்குவதில் தொடங்குவார்கள். விரலில் தொடங்குவதுதான் சரி. "வாட்ஸ்அப்பக் காணோம்", "படம் தானா நகருது" என்ற புகார்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே காரணம் இருக்கும். பட்டன் போன் பழக்கத்தில் பெரியவர்கள் அழுத்தி, சற்று நிறுத்தித் தொடுவார்கள். அரை விநாடி அளவுக்கு விரல் நின்றாலே போன் அதை 'லாங் பிரஸ்' என்று எடுத்துக்கொள்ளும். ஐகான் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். பதறிக் கையை எடுத்தால் அது அடுத்த பக்கத்தில் விழும், சில போனில் 'அன்இன்ஸ்டால்' கட்டத்திலேயே விழும்.

இதற்கு இரண்டு பூட்டு. செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் 'டச் அண்ட் ஹோல்டு டிலே' இருக்கும். அதை 'லாங்' ஆக்குங்கள். சாம்சங்கில் இது 'இன்டராக்‌ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டி' என்ற பிரிவுக்குள் இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு அதே இடத்தில் 'இக்னோர் ரிப்பீட்டட் டச்சஸ்' என்று ஒன்று உண்டு. ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை விரல் பட்டாலும் முதல் தொடுதலை மட்டும் அது கணக்கில் எடுக்கும். இரண்டாவது பூட்டு, ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸில் உள்ள 'லாக் ஹோம் ஸ்கிரீன் லேஅவுட்'. இதைப் போட்டுவிட்டால் ஐகான் அசையாது.

அடுத்தது தோல். வலை இழுத்துக் காய்த்த கை, பாசி எடுக்கப் போய்ப் பாறையில் வெட்டுப்பட்ட விரல், இதெல்லாம் பாம்பன், மண்டபம் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. விரல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் தொடுதிரை தொடுதலை உணர்கிறது. தடித்து வறண்ட தோலை அது சரியாக உணராது. நகத்தின் பக்கமாகத் தட்டாமல் விரலின் சதைப் பகுதியால் தொடச் சொல்லிக்கொடுங்கள். திரைமேல் தடியான பழைய டெம்பர்டு கிளாஸ் இருந்தால் மாற்றுங்கள். சாம்சங்கில் டிஸ்ப்ளேக்குள் 'டச் சென்சிடிவிட்டி' இருந்தால் போடுங்கள். கையில் உப்புத்தண்ணீர் இருந்தால் கோளாறு தலைகீழாக வரும், தொடாத இடத்தையெல்லாம் போன் தொட்டதாக நினைக்கும். துடைத்தாலே சரியாகிவிடும்.

ரேகை தேய்ந்த கைக்கு விரல்ரேகைப் பூட்டு வேண்டாம். நாலு எண் பின் போதும். கோடு இழுக்கும் பேட்டர்ன் பூட்டு, நடுங்கும் கைக்கு ஒவ்வாது. பூட்டே வேண்டாம் என்று சிலர் விட்டுவிடுவார்கள். போனில் வங்கி ஆப் இருந்தால் அது கூடவே கூடாது.

கடைசியாக, திரையின் அடியில் பழைய மூன்று பட்டன்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். 'நேவிகேஷன்' என்று தேடி 'த்ரீ பட்டன்' தேர்ந்தெடுத்தால் போதும். "எங்க மாட்டிக்கிட்டாலும் நடுப் பட்டனை அழுத்துங்க, வீட்டுக்கு வந்துடலாம்" என்ற ஒரே பாடத்தில் பாதிப் பயம் போய்விடும்.

எழுத்தும் வெளிச்சமும்

ஃபான்ட் சைஸ், டிஸ்ப்ளே சைஸ் என இரண்டு தனித்தனி. முதலாவது எழுத்தை மட்டும் பெரிதாக்கும், இரண்டாவது பட்டன், படம் எல்லாவற்றையும் பெரிதாக்கும். இரண்டையும் கடைசிப் புள்ளிக்கு இழுத்தால் பணம் அனுப்பும் ஆப்களில் கீழே இருக்கும் 'பே' பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். அவர் பட்டனைத் தேடிக்கொண்டே இருப்பார். ஃபான்ட்டை இரண்டு மூன்று படி ஏற்றுங்கள், டிஸ்ப்ளேயை ஒரு படி, கூடவே 'போல்டு'. பிறகு அவர் வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு, வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தியை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்குச் சரியாக இருப்பது கணக்கில்லை.

ஸ்கிரீன் டைம்அவுட்டை 2 நிமிஷம் ஆக்குங்கள். கடையில் வந்தபடி 30 விநாடியில் விட்டால், அவர் யோசித்து முடிப்பதற்குள் திரை அணைந்துவிடும். கண்புரை இருந்து வெளிச்சம் கூசுகிறவருக்கு டார்க் மோட் ஒத்துக்கொள்ளலாம். இரண்டையும் காட்டி அவரையே கேளுங்கள்.

சாம்சங்கில் 'ஈஸி மோட்', ரெட்மியில் 'லைட் மோட்' (Lite; வெளிச்சத்துக்கான Light அல்ல), ஓப்போ, ரியல்மீ போன்களில் 'சிம்பிள் மோட்' என்று ஒரே தட்டில் எல்லாவற்றையும் பெரிதாக்கும் வசதி உண்டு. புதுப் போன் என்றால் முதல் நாளே போடுங்கள். ஆறு மாதம் பழகிய போனில் திடீரென்று போட்டால் எல்லாம் இடம் மாறி, பழகியதும் போய்விடும்.

மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா? தமிழ் சரளமாக வாசிப்பவருக்கு மாற்றுங்கள். எழுத்தைப் பார்க்காமல் நிறத்தையும் இடத்தையும் வைத்தே ஓட்டுகிறவருக்கு மாற்றிப் பயனில்லை.

முதல் திரையில் எட்டுக்கு மேல் வேண்டாம்

போன், வாட்ஸ்அப், கேமரா, போட்டோ, யூடியூப், டார்ச். இதற்கு மேல் அவர் கேட்டது மட்டும். மற்றவற்றை நீக்க வேண்டியதில்லை, முதல் திரையிலிருந்து எடுத்தால் போதும். அதே திரையில் காண்டாக்ட்ஸின் 'டைரக்ட் டயல்' விட்ஜெட்டாகப் பிள்ளைகள் முகத்தை வையுங்கள். முகத்தைத் தொட்டால் அழைப்பு போய்விடும், பெயர் வாசிக்கத் தேவையில்லை. பெயரை அவர் கூப்பிடுகிறபடியே சேமியுங்கள்: 'மூத்தவன்', 'சின்னவ', 'கீழக்கரை மச்சான்'. ஆதாரில் உள்ள முழுப்பெயர் அவருக்கு உதவாது.

மேலிருந்து இழுத்தால் வரும் பலகையில் ஏரோபிளேன் மோட், டூ நாட் டிஸ்டர்ப், மொபைல் டேட்டா மூன்றையும் முதல் வரிசையிலிருந்து பின்னுக்குத் தள்ளுங்கள். "ரெண்டு நாளா யாருமே கூப்பிடல" என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூன்றைத்தான்.

காது

வயதாகும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். புதுப் போன்களின் ரிங்டோன் பெரும்பாலும் அந்த ரகம். தவில் போல அடிக்குரல் உள்ளதை வையுங்கள், அதிர்வும் சேர்த்து. கூகுள் போன் ஆப்பில் 'காலர் ஐடி அனவுன்ஸ்மென்ட்' போட்டால் கூப்பிடுவது யார் என்று போனே சொல்லும். சாம்சங்கில் வால்யூம் ஏற்றும் பட்டனை அழுத்தி அழைப்பை எடுக்கவும், பக்கவாட்டுப் பட்டனை அழுத்தித் துண்டிக்கவும் அமைக்கலாம். தேய்த்து எடுக்கத் தடுமாறுகிறவருக்கு இது பெரிய விடுதலை.

குரல் மட்டும் மங்கலாகக் கேட்டால் காதைக் குறை சொல்லும் முன் போனின் மேல் ஓரத்துச் சல்லடையைப் பாருங்கள். மணலும் உப்பும் அடைத்திருக்கும். காய்ந்த, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசி வேண்டாம்.

வாட்ஸ்அப்

வீட்டார் மூன்று பேரை மேலே பின் செய்யுங்கள். சலசலக்கும் குரூப்களை ஆர்க்கைவ் செய்யுங்கள். பிரைவசியில் குரூப்பில் சேர்க்கும் உரிமையை 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள், 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' போடுங்கள். படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்தாவிட்டால் காலை வணக்கப் படங்களாலேயே போன் நிரம்பிப்போகும். தட்டச்சு வேண்டாம், மைக்கைப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். ஒரு சங்கடம்: பேசும்போது இடையில் விரலை எடுத்தால் பாதிப் பேச்சே அனுப்பப்பட்டுவிடும். மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிறகு கையை எடுத்துவிட்டுப் பேசலாம்.

பிள்ளைகள் துபாய், அபுதாபியில் இருந்தால் அங்கே வாட்ஸ்அப் கால் வராது. போட்டிம் போன்ற அங்கே அனுமதித்த ஆப்பை வாப்பா போனிலும் ஏற்றி, முதல் திரையில் வாட்ஸ்அப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

திரையை மறைக்கும் விளம்பரம், பணம் பறிக்கும் லிங்க்

பூட்டிய திரையில் தானாகப் படமும் செய்தியும் மாறுகிறதா? அது 'கிளான்ஸ்'. லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். "உங்கள் போனில் வைரஸ்" என்று அடிக்கடி வந்தால், ஏதோ ஒரு தளம் கேட்டபோது அவர் 'அலவ்' கொடுத்திருக்கிறார். குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள்.

'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பட்டியலில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் எல்லாவற்றுக்கும் அனுமதியை மறுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை ஏற்றும் கோப்பு) தொட்டாலும் அப்போது ஏறாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணம் வங்கிக் கணக்குக்கு நேரே வரும், லிங்க்கைத் தொட்டு வாங்குகிற பணம் அல்ல. இதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

யுபிஐ வேண்டும் என்றால் சிறு தொகை மட்டும் இருக்கும் தனிக் கணக்கை இணையுங்கள். பின் எண் போடுவது பணம் கொடுக்க, வாங்க அல்ல. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ அத்தனைக்கு அது அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த வாய்ப்பு.

தூரத்திலிருந்து உதவ வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைப் பகிரலாம். திருடர்களும் இதே வழியில்தான் வருவார்கள். ஆகவே வீட்டில் ஒரு விதி: பிள்ளை முகம் தெரிந்தால் மட்டுமே திரைப் பகிர்வு, அப்போதும் வங்கி ஆப்பைத் திறக்கக் கூடாது.

உப்புக் காற்றும் இலங்கை சிக்னலும்

கடலோர வீட்டில் சார்ஜர் முனை பச்சை பூத்துப்போகும். ஒயரை ஆட்டி ஆட்டிச் சார்ஜ் ஏற்றினால் போனின் துளையும் கெடும். புது ஒயர் வாங்குவது மலிவு. நீர்த்துளிக் குறி வந்தால் அது காயும்வரை சார்ஜரைச் செருகக் கூடாது. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் உப்பு அரிப்பு இன்னும் வேகமாகும். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் உப்பு போகாது. கடல் தண்ணீரில் முழுகிய போனை அணைத்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் சில சமயம் இலங்கை நெட்வொர்க் தலைகாட்டும். போன் அதைப் பிடிக்கப் போய் நம் சிக்னலை விட்டுவிடும். டேட்டா ரோமிங்கை அணைத்துவைத்து, மொபைல் நெட்வொர்க்கில் 'ஆட்டோமேட்டிக்' தேர்வை எடுத்துவிட்டு, நம் கம்பெனியை நாமே தேர்ந்தெடுங்கள். சிம் மாற்றினாலோ போனை ரீஸ்டார்ட் செய்தாலோ இதை மறுபடி பாருங்கள்.

ஆபத்துக்கு

காண்டாக்ட்ஸில் அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரக் காவல்படைக்கு 1554 மூன்றையும் தமிழ்ப் பெயரில் போடுங்கள். 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்' எப்போதும் ஆனில் இருக்கட்டும். 2023-ல் நாடு முழுக்கச் சோதனைக்கு அனுப்பிய அந்த அலறல் சத்தம் பலரைப் பயமுறுத்தியது. புயல் எச்சரிக்கையும் அதே வழியில்தான் வரும் என்று சொல்லிவையுங்கள், அணைத்துவிடாதீர்கள். பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தும் 'எமர்ஜென்சி எஸ்ஓஎஸ்' நல்ல வசதி. ஆனால் இறுக்கமான கவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் தேவையில்லாமல் அழைப்பு போகும், அந்தக் கவரை மாற்றிவிட்டுப் போடுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவருக்கு, ஐஓஎஸ் 17 முதல் 'அசிஸ்டிவ் ஆக்சஸ்' உண்டு. பெரிய கட்டங்களாகச் சில ஆப்களை மட்டும் காட்டும்.

போன் கவருக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: அவருடைய சொந்த நம்பர், வீட்டார் இருவர் நம்பர், ரீசார்ஜ் முடியும் தேதி. பேக் முடிந்து வெளிக்கால் போகாமல் நின்றால் "போன் கெட்டுப்போச்சு" என்றுதான் கடைக்கு எடுத்துப்போவார்கள். 28 நாளுக்கு ஒருமுறை ஓட முடியாத வீட்டில் 84 நாள் பேக்கோ வருஷ பேக்கோ போட்டு, தேதியைக் காலண்டரிலும் குறித்துவிடுங்கள்.