அடையாள மிதவையில் படகைக் கட்டாதீர்கள்

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஆயர் தாவார். மலாயில் அதற்கு நன்னீர் என்று பொருள். அப்பா காலத்தில் சுற்றிலும் பால்மரம், இப்போது செம்பனை. ஆலையில் ஃபிட்டர் வேலை பார்க்கும் நான் ஞாயிறானால் உப்புத் தண்ணீரில் கிடப்பதாக வீட்டில் ஒரு தீராத புகார் உண்டு. லூமுட்டில் படகேறி, செம்பிலான் தீவுகளுக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் பழைய மீன்பிடிப் படகு ஒன்றில் ஐந்தாறு பேர் டைவிங் செய்கிறோம். அந்த இடத்தைக் காட்டும் மிதவை என் பொறுப்பு. அடுத்து பார்க்கப்போகும் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த தப்பு. சோம்பல்பட்டு எங்கள் படகையே மிதவையில் கட்டினோம். கயிற்றைப் பிடித்து இறங்கினால் கீழே வெறும் மணல், மூழ்கிய படகின் சிதைவைக் காணோம்! கடல் ஓட்டத்தில் படகு இழுத்த இழுப்பில், மிதவையைப் பிடித்து நிறுத்தும் அடிக்கல்லே நகர்ந்திருந்தது. மணலில் ஏர் ஓட்டியது போல ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பிடித்துப் போய்த்தான் சிதைவைக் கண்டுபிடித்தோம். அடையாள மிதவை இடத்தைக் காட்டத்தான். படகைத் தாங்கும் மிதவைக்குக் கல், சங்கிலி எல்லாமே வேறு கணக்கு.

கல் என்றதும் எல்லாரும் கான்கிரீட் ஊற்றுவார்கள். 100 கிலோ கான்கிரீட் தண்ணீருக்குள் 57 கிலோ போலத்தான் நிற்கும். இரும்பு அப்படியில்லை, 100க்கு 13 கிலோதான் குறையும். அதனால் ஆலையில் கழித்துப்போட்ட வண்டிச் சக்கரங்கள் நான்கைச் சங்கிலியில் கோத்து இறக்கினோம். பழைய இரும்பு விலைக்குக் காசு கட்டி வாங்கியதுதான், சும்மா தூக்கி வரவில்லை.

எங்கள் இடத்தில் வற்றத்தில், அதாவது கடல் இறங்கி நிற்கும்போது, 18 மீட்டர் ஆழம். பெரிய ஏற்றத்துக்கு இன்னும் மூன்று மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 மீட்டர் சங்கிலி, அதற்கு மேல் 20 மீட்டர் நைலான் கயிறு. பாலிப்ரோப்பிலீன் மலிவுதான், ஆனால் அது மிதக்கும். வற்றத்தில் மேலே சுருண்டு கிடந்து யாராவது ஒருவருடைய இன்ஜின் காற்றாடியில் சிக்கும். நைலான் தானாகவே அமிழும். இருந்தாலும் மிதவைக்கு நாலு மீட்டர் கீழே இரண்டு கிலோ ஈயம் கட்டிவிடுங்கள். அடிப்பக்கம் கயிறு சிதைவில் உரசாமலிருக்க, சங்கிலிக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன மிதவை.

மேல் மிதவைக்குள் நுரை அடைத்திருந்தால் ஓட்டை விழுந்தாலும் மூழ்காது. நிறம் மஞ்சள். போடும் முன் கடல் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்டேட் ஆட்களுக்கு இன்னொன்று: களைக்கொல்லி டின்னை மிதவையாக்க வேண்டாம். பாராகுவாட் 2020இல் தடையானது, ஆனாலும் பழைய டின்கள் இன்னும் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்கட்டுகளில் கிடக்கின்றன. அதைக் கடலிலா கழுவுவது?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கீழிருந்து மேலாகப் பாருங்கள். முதலில் தேய்வது கயிறு அல்ல. சங்கிலி மணலில் தூக்கித் தூக்கிப் போடும் இடத்திலுள்ள வளையமும், சங்கிலியை இணைக்கும் ஷேக்கல் கொக்கியின் ஊசியும்தான். 12 மில்லிமீட்டர் ஊசியில் வெர்னியர் அளவுகோல் 10 காட்டினால் மாற்றிவிடுவேன். ஒருமுறை பளபளப்பாக இருக்கிறதே என்று ஸ்டெயின்லெஸ் ஷேக்கல் போட்டேன். ஷேக்கல் அப்படியே இருந்தது, அதை ஒட்டிய கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) வளையம் கரைந்துபோனது. இரண்டு உலோகம் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றதைத் தின்னும். எல்லாம் ஒரே உலோகமாக இருக்கட்டும். ஊசி கழன்றுபோகாதபடி கால்வனைஸ் கம்பியால் கட்டுங்கள்.

கயிற்றைப் புரி பிரித்து உள்ளே பாருங்கள். கொட்டலசு (மலாய் மீனவர்களுக்குத் தெரித்திப்) வெளியே ஒட்டும், அதன் ஓடு உள்நூலை அறுக்கும். கையுறை போட்டு, பெயின்ட் சுரண்டும் தகட்டால் கயிற்றின் போக்கிலேயே சுரண்டுங்கள். குறுக்கே சுரண்டினால் நூல் போய்விடும்.

இனி இறங்குவது. எந்த நாள் என்பதை வீட்டுக் காலண்டரே சொல்லும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாள் ஓட்டம் உச்சத்தில் இருக்கும். அஷ்டமி கழிந்ததும் தணியும். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்காதே என்பாள் அம்மா. எங்களுக்கோ நவமி, தசமிதான் முகூர்த்தம். அன்றைக்கும் மிதவை சாய்ந்து ஒரு பக்கம் நுரை தள்ளினால் காத்திருங்கள், நிமிர்ந்ததும் குதியுங்கள்.

எங்கள் தெகோங் (படகோட்டி) படகைக் கட்டாமல் சுற்றிக்கொண்டிருப்பார். மிதவைக்கு ஓட்டம் வரும் பக்கமாக இறக்கிவிட்டால் ஓட்டமே நம்மைக் கயிற்றிடம் கொண்டுபோகும். ஆள் குதிக்கும்போதும் ஏறும்போதும் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், இதில் சமரசம் இல்லை. பேராக் ஆற்றுச் சேறு கலங்கி மூன்று மீட்டர்கூடத் தெரியாத நாள்கள் உண்டு. அப்போது கயிற்றடியில் ரீல் நூலைக் கட்டிக்கொண்டு போவோம். டேங்க் காற்றழுத்தம் 100 பாருக்கு வந்ததும் கயிற்றுக்குத் திரும்பிவிடுங்கள். மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். கயிறு தவறிவிட்டால் அதைத் தேடிக் காற்றைச் செலவழிக்காமல், சாசேஜ் என்று நாங்கள் சொல்லும் ஆரஞ்சுப் பையை ஊதி மேலே விடுங்கள். தெகோங் வந்துவிடுவார்.

படகு கிளம்பும் முன் பெரட்டு (ஆள் கணக்கு) எடுப்போம், காலையில் எஸ்டேட் கிராணி (எழுத்தர்) செக்ரோல் (பெயர்ப் பட்டியல்) வாசிப்பாரே, அதேபோல. பெயர் சொன்னால் அவரவர் வாயாலேயே பதில் வர வேண்டும். "அவன் பின்னாடி இருக்கான்ணே" என்று இன்னொருவர் சொன்னால் எழுதமாட்டேன். மறுபடி கூப்பிடுவேன்.