வீட்டுல ஒருத்தருக்கு டிஐடி இருக்குமோன்னு சந்தேகமா? எதைக் கவனிக்கணும், எப்படிப் பேசணும், யார்கிட்ட போகணும்

டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிசார்டர், சுருக்கமா டிஐடி. ஒருத்தருக்குள்ளயே ஒண்ணுக்கு மேல ஆளுங்க இருக்கிற மாதிரி மாறி மாறி வர்றது, நடுவுல ஞாபகமும் விட்டுப்போறது, அதுதான் இந்த மனநலப் பிரச்சனை. 1994 வரைக்கும் இதுக்கு மல்டிபிள் பர்சனாலிட்டி டிசார்டர்னு பேரு, நம்மாளுங்க நெறைய பேர் இன்னும் அந்தப் பேர்லதான் தேடுறாங்க. சினிமால பாத்திருப்போம், கண்ணு செவந்து குரல் மாறி ராத்திரியானா கொலை பண்ணக் கெளம்புற ஆளு. அதை மொதல்ல மனசுலேர்ந்து எடுத்துடுங்க, அதையே எதிர்பாத்துட்டு இருந்தா பக்கத்துல உக்காந்திருக்கிறவரோட நெஜக் கஷ்டம் கண்ணுல படாது. இவங்களால மத்தவங்களுக்கு ஆபத்துங்கிறதவிட இவங்களுக்கே இவங்களால வர்ற ஆபத்துதான் பெருசு. 2013ல வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல டாக்டருங்களோட கையேடு, சிகிச்சைக்கு வர்ற டிஐடி உள்ளவங்கள்ல 70 சதவீதத்துக்கும் மேல தற்கொலைக்கு முயற்சி பண்ணிருக்காங்கன்னு சொல்லுது. அதனால இதை வேடிக்கை விஷயமா பேசவே பேசாதீங்க, ப்ளீஸ்.

மொதல்ல கவனிக்க வேண்டியது ஞாபகம். ஆள் மாறுறது வெளிய தெரியாமலே போகலாம், ஆனா ஞாபகத்துல ஓட்டை விழுறது எங்கயாவது தடயம் விட்டுட்டுப் போகும். சாவி எங்க வச்சோம்னு மறக்குறது எல்லாருக்கும் உண்டு, அது வேற. இது எப்படின்னா, பீரோவுல ஒரு புது சுடிதார் இருக்கு, பில்லும் கூடவே இருக்கு, ஜிபேல காசு போயிருக்கு, ஆனா கடைக்குப் போனதே அவங்களுக்குத் தெரியாது. நோட்டுல பாதிப் பக்கம் சாய்ஞ்ச எழுத்து, மீதி குட்டிப் புள்ளை எழுதுன மாதிரி பெருசு பெருசா. நேத்து ராத்திரி ஒரு மணி நேரம் போன்ல பேசிருக்காங்க, காலைல அந்த பிரெண்டு அதைப் பத்திக் கேட்டா "ஆமா ஆமா"ன்னு தலையாட்டி சமாளிக்கிறாங்க. இந்த சமாளிப்பைத்தான் நாம தப்பா படிக்கிறோம், பொய் சொல்றான், நடிக்கிறான்னு. பயத்துல மறைக்கிறாங்க, சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்னா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போலன்னே கூட நெனச்சிருப்பாங்க. சில பேர் ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்க, எப்படி வந்தோம்னே தெரியாது.

உள்ளுக்குள்ள நடக்கிறது அவங்க சொன்னாத்தான் தெரியும். தலைக்குள்ள ஒண்ணுக்கு மேல குரல் பேசிக்கிறது, ஒண்ணு திட்டும், ஒண்ணு அழும். கண்ணாடில பாத்தா தன் முகமாவே தோணாதது. தன் கை தானா வேலை செய்ய தான் தள்ளி நின்னு பாக்குற உணர்வு. ஆள் மாறுறது பெரும்பாலும் ரொம்ப சின்னதாத்தான் இருக்கும், ஒரு நிமிஷம் கண்ணு எங்கயோ நிலைகுத்தி நிக்கும், அப்புறம் பேச்சோட தொனி வேற, உக்கார்ற விதம் வேற, நேத்து ஆசையா சாப்ட்ட குழம்பு இன்னிக்கு வாயிலயே வைக்க முடியாது. கூடவே டிப்ரெஷன், தூக்கமின்மை, திடீர் பயம் எல்லாம் சேர்ந்து வர்றதால பல வருஷம் வேற நோய்க்கு மாத்திரை சாப்ட்டுட்டு இருக்கிறவங்க நெறைய.

ஏன் வருது? அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவுல பாத்த நோயாளிங்கள்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் சின்ன வயசுல கொடுமையோ புறக்கணிப்போ அனுபவிச்சவங்க. குழந்தைக்கு "நான்"ங்கிறது பொறக்கும்போதே முழுசா இருக்காது, வளர வளரத்தான் ஒண்ணா சேரும். சோறு போடுற கையே அடிக்கிற கையாவோ தொடக்கூடாத இடத்துல தொடுற கையாவோ இருந்தா, ஓடவும் முடியாது, சொல்லவும் முடியாது, அப்போ மனசு அந்த அனுபவத்தைத் தனியா பிரிச்சு ஒதுக்கி வச்சுடுது. அந்தக் குழந்தையை உயிரோட காப்பாத்துனதே அந்தப் பிரிவுதான், பெரியவங்க ஆன பிறகும் அது அப்படியே தொடருது. டாக்டருங்க எல்லாரும் இதை ஒத்துக்கிறாங்களான்னா இல்ல, சிகிச்சை பண்றவங்களே பேசிப் பேசித் தூண்டிவிட்டு வரவழைக்கிறதுன்னு சொல்ற தரப்பும் உண்டு. அந்த சந்தேகத்துலயும் ஒரு நியாயம் இருக்கு, ரீல்ஸ் பாத்துட்டு தானே முடிவு பண்றது நல்லதில்ல. ஆனா முன்னாடி தவிச்சுட்டு நிக்கிற ஆளை நம்பாம இருக்க அது காரணம் ஆகாது.

நம்ம ஊர்ல இன்னொரு விஷயம் இருக்கு, சாமியாட்டம். கோயில் கொடையில உடுக்கை அடிக்கும்போது ஒருத்தர் மேல சாமி வந்து இறங்குது, ஊரே ஏத்துக்குது, பூஜை முடிஞ்சதும் அவர் பாட்டுக்கு வேலைக்குப் போறாரு. இது நோயே இல்ல, டிஎஸ்எம்லயே அப்படித்தான் இருக்கு. ஆனா திருவிழாவும் இல்ல, நேரம் காலமும் இல்ல, அவங்க வேணாம்னு கெஞ்சியும் வருது, அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல, வேலையும் குடும்பமும் கெட்டுப்போகுதுன்னா டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். கும்பிடப் போறதைத் தடுக்க வேணாம், ஆனா வேப்பிலையால அடிக்கிறது, கட்டிப்போடுறது மட்டும் வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடில ஒரு மனநோயாளிங்க காப்பகம் தீப்பிடிச்சப்போ சங்கிலில கட்டியிருந்த மனநோயாளிங்க ஓட முடியாம செத்துப்போனாங்க, 28 உயிர். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுறதே குற்றம்.

சரி, என்ன பண்ணணும். ஒரு நோட்டுல தேதி, நேரம், என்ன நடந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, குடிச்சிருந்தாங்களா, எவ்ளோ தூங்குனாங்கன்னு எழுதுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சே எழுதுங்க, ஒளிஞ்சு வீடியோ எடுக்காதீங்க. அந்த நோட்டை எடுத்துட்டு சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட, அதாவது மனநல டாக்டர்கிட்ட போங்க. வலிப்பு நோய்லயும் குடியிலயும் இதே மாதிரி ஞாபகம் போகும், அதனால ஈஈஜி (மூளையோட மின்னோட்டத்தைப் பாக்குற டெஸ்ட்), ரத்தப் பரிசோதனை எழுதுனா எடுத்துடுங்க. குரல் கேக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு வராதீங்க, இல்லாத குரல் கேக்குற வேற ஒரு மனநோயான ஸ்கிசோஃப்ரினியான்னு டாக்டர் நெனைக்க வாய்ப்பிருக்கு, ஞாபகம் விட்டுப்போறதையும் கண்டிப்பா சொல்லணும்.

டிஐடிக்குன்னு தனி மாத்திரை கிடையாது, கொடுக்கிற மாத்திரை கூட இருக்கிற டிப்ரெஷனுக்கும் தூக்கத்துக்கும்தான். முக்கிய சிகிச்சை பேச்சு சிகிச்சை, அது வருஷக்கணக்குல போகும். மொதல்ல பாதுகாப்பும் நிதானமும், அப்புறம்தான் பழைய காயம், அதுக்கப்புறம்தான் பிரிஞ்சதெல்லாம் ஒத்துப்போய் வாழுறது. மொத நாளே "சின்ன வயசுல என்ன நடந்துச்சு, யாரு பண்ணா"ன்னு வீட்ல தோண்டாதீங்க, ஆள் இன்னும் ஒடஞ்சுடுவாங்க.

மாறுற நேரத்துல "நீ யாரு, போ வெளிய"ன்னு கத்தக்கூடாது. மெதுவா, "இது நம்ம வீடு, இன்னிக்கு செவ்வாக்கெழமை, நான் உங்க அக்கா, இங்க யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க"ன்னு சொல்லுங்க. கேக்காம தொடாதீங்க. கைல ஒரு டம்ளர் ஜில் தண்ணி கொடுங்க, சுத்தி என்னென்ன தெரியுதுன்னு சொல்லச் சொல்லுங்க. திரும்பி வந்ததும் நடந்ததை அமைதியா சொல்லுங்க, கோர்ட்டுல விசாரிக்கிற மாதிரி வேணாம்.

சாகணும்னு பேச்சு வந்தா தனியா விடாதீங்க, மாத்திரை டப்பாவை உங்க கையில வச்சுக்கோங்க, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்தியாவுல அரசோட மனநல உதவி போன் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. இலங்கைல 1926. குழந்தைக்கு இப்போ கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா இந்தியாவுல 1098க்கு உடனே கூப்பிடுங்க, பண்றவர் சொந்தக்காரரா இருந்தாலும்.