நாடு கடத்தப்பட்ட கைதியைத் தேடுகிறீர்களா? கப்பல் பெயரைப் பிடியுங்கள்

1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் 1,60,000-க்கும் மேற்பட்ட கைதிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவரைப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் திணறிப்போவோம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். எழுத்துக்கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். கப்பலின் பெயரும் அது வந்துசேர்ந்த ஆண்டும்தான் சரியான பிடி. காலனி அதிகாரிகளே கைதியின் பெயரோடு கப்பல் பெயரையும் சேர்த்துத்தான் எழுதிவைத்தார்கள்.

லண்டனில் தண்டிக்கப்பட்டவர் என்றால் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674–1913 விசாரணைப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவுக்குப் போனவர் என்றால் இன்னும் நல்லது. அந்த மாநில நூலகத் துறையான லைப்ரரீஸ் டாஸ்மேனியா தளத்தின் பெயர் அட்டவணையில் பழைய பதிவேட்டுப் பக்கங்களையே படமாகப் பார்க்கலாம். அங்க அடையாளப் பதிவேட்டில் உயரம், கண் நிறம், சொந்த ஊர், கையில் குத்திய பச்சை வரை இருக்கும். அந்தப் பச்சையில் உள்ள முதலெழுத்துகளை விட்டுவிடாதீர்கள். அவர் ஊரில் விட்டுவந்த மனைவியின் பெயரோ பிள்ளையின் பெயரோ அதில் இருக்கலாம். நடத்தைப் பதிவேட்டில் குடித்தது, வேலைக்கு வராதது என ஒவ்வொன்றும் அதற்குக் கிடைத்த தண்டனையோடு பதிவாகியிருக்கும். சுருக்கெழுத்துகள் நிறைந்த நெருக்கமான கையெழுத்து. பொறுமையாகப் பெரிதாக்கிப் படியுங்கள். அடுத்து, கைதிகள் திருமணம் செய்துகொள்ள அனுமதி கேட்ட பதிவுகளைப் பாருங்கள்.