இயற்கையையும் பண்பாட்டையும் ஒன்றாகப் படித்தல்: கோடைகால வெளிநாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நியூசிலாந்தின் டோங்கரீரோ தேசியப் பூங்கா 1990இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, அதன் எரிமலைகளும் இயற்கைச் சிறப்பும் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. மூன்று ஆண்டுகள் கழித்து, 1993இல், அந்த மலைகளோடு மாவோரி மக்களுக்குள்ள ஆன்மிக உறவும் ஏற்கப்பட்டு, ‘பண்பாட்டு நிலத்தோற்றம்’ என்னும் வகையில் உலகிலேயே முதலாவதாக அப்பூங்கா இடம்பெற்றது. இடையில் மாறியது மலைகளைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி மட்டுமே.

நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை நீளும் கோடைகால வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள் பலவற்றில், பகலில் காட்டிலோ கடற்கரையிலோ களப்பணி, மாலையில் ஊர்மக்களோடு உரையாடல் என்ற ஏற்பாடு உண்டு. மாணவர்களில் பலர் முன்னதைப் பாடமாகவும் பின்னதைப் பொழுதுபோக்காகவும் எடுத்துக்கொள்கிறார்கள். பண்பாடு படிக்க வந்தவர்கள் அதையே தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டும் ஒரே பாடம் என்பதை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்பவர்களுக்குத்தான் அந்தக் கோடை முழுமையாகப் பயன்படுகிறது. அதற்குத் துணைசெய்யும் கருவி அன்றன்றைக்கு எழுதப்படும் களக்குறிப்பேடு என்பதால், இந்த வழிகாட்டியில் அதற்கே அதிக இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

தேர்ந்தெடுக்கும்போது

பாடத்திட்டத்தின் விளம்பரத்தில் படங்களை ஒதுக்கிவிட்டு நாள்வாரி அட்டவணையைப் படியுங்கள். ஐந்து வாரங்களில் ஏழெட்டு நகரங்கள் என்று அட்டவணை காட்டினால், அது கல்வி என்ற பெயரில் நடத்தப்படும் சுற்றுலா. ஒரே இடத்தில் குறைந்தது பத்து நாட்களாவது தங்கும் திட்டமே கவனித்துப் பார்ப்பதற்கு இடம் தரும். ஒரு பறவை எந்த நேரத்தில் வருகிறது, ஒரு கடைத்தெரு எந்த நாளில் நிறைகிறது என்பதெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் தெரியவரும். அந்த நாட்டைச் சேர்ந்த அறிஞர்களும் ஊர்மக்களும் ஊதியத்தோடு பாடம் நடத்துகிறார்களா, அல்லது காட்சிக்கு மட்டும் அழைக்கப்படுகிறார்களா என்பதையும் நேரடியாகக் கேட்டுவிடலாம். இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், வேறு திட்டத்தைப் பார்ப்பது நல்லது.

முன்பு சென்றுவந்த மாணவர்களிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால், ‘மறக்க முடியாத அனுபவம்’ என்ற பதிலே கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவுசெய்ய இயலாது. நாள் முழுவதும் மழை பெய்தபோது வகுப்பு என்னவாயிற்று, யாருக்காவது உடல்நலம் கெட்டபோது மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் பேருந்தில் கழிந்தது, இறுதி அறிக்கையைப் படித்துத் திருத்தியவர் யார் என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விகளுக்கும் கிடைக்கும் பதில்கள் எந்த விளம்பரத்தையும்விட உண்மையானவை.

புறப்படும் முன்

கோடைகாலம் என்ற சொல்லை நம்பிப் பெட்டி கட்டக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்கள் நியூசிலாந்திலும் தென் ஆஸ்திரேலியாவிலும் குளிர்காலம்; கோஸ்டா ரிகாவின் பெரும்பகுதியில் அவை மழைக்காலம். பருவம் எது என்பதைப் பொறுத்துத்தான் எந்த உயிரினம் கண்ணில் படும், மக்கள் எந்த வேலையில் இருப்பார்கள் என்பதும் அமையும்.

ஆவண வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் குறுகிய காலத் தங்கல் என்பது எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு உட்பட்டது. விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே அளிக்கலாம், பொதுவாக 15 நாட்களுக்கு முன்பாவது அளித்திருக்க வேண்டும். அந்த நாடுகளைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் கடவுச்சீட்டு மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பிறகே செல்லும் என்பதால் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது.

காலணிக்குத் தனியாக ஒரு சொல் தேவை. ஓரிடத்து மண்ணில் இருக்கும் நோய்க்கிருமி காலணி அடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விடும். நியூசிலாந்தில் கௌரி (kauri) என்னும் பெருமரங்களை அழிக்கும் நோய் இவ்வாறு மண்வழியே பரவுவதால், காட்டுப் பாதைகளின் வாயிலில் காலணியைத் தேய்த்துக் கிருமிநாசினியில் நனைக்கும் நிலையங்களை அமைத்திருக்கிறார்கள். அந்நாட்டு விமான நிலையத்தில் மண் படிந்த காலணியைத் தெரிவிக்காமல் கொண்டுவந்தால் அபராதம் உண்டு. புறப்படுவதற்கு முந்தின நாள் பழைய பல்துலக்கியால் அடிப்பள்ளங்களைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்துவையுங்கள்.

குறிப்பேடு

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகம் 1908இல் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் இயக்குநரான ஜோசப் கிரின்னல் தம் குழுவினர் அனைவரும் ஒரே ஒழுங்கில் களக்குறிப்பு எழுத வேண்டும் என்று விதித்தார். அன்று கண்டதை அன்றே எழுத வேண்டும்; நாள், இடம், தட்பவெப்பம் இன்றி எதையும் எழுதக் கூடாது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2003இல், ஆய்வாளர்கள் அதே குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குத் திரும்பச் சென்றார்கள். யோசெமிட்டி பகுதியில் அவர்கள் ஆராய்ந்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதியளவுக்கு, வாழிட எல்லை சராசரியாக 500 மீட்டர் அளவு மேலேறியிருந்தது. கிரின்னலின் குழுவினர் ‘மலைச்சரிவில் நிறைய அணில்கள்’ என்று எழுதிவைத்திருந்தால் இது எதுவும் தெரியவந்திருக்காது.

உங்கள் குறிப்பேடும் அந்த ஒழுங்கில் தொடங்கட்டும். தடித்த அட்டையும் தைத்த கட்டும் உள்ள சிறு நோட்டு, பென்சில் ஆகிய இரண்டும் போதும். மை மழையில் கரையும், பென்சில் எழுத்து கரையாது. கைப்பேசியில் எழுதுவதை நான் பரிந்துரைப்பதில்லை. மின்கலம் தீர்ந்துவிடும் என்பதைவிட, எதிரே பேசிக்கொண்டிருப்பவர் நீங்கள் வேறு யாருக்கோ செய்தி அனுப்புவதாக நினைத்துக்கொள்வார் என்பதே முக்கியக் காரணம்.

ஒரு மாதிரிப் பக்கத்தைப் பார்ப்போம். டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் கரையோரமாக நீளும் வாடன் கடலில், நாளுக்கு இருமுறை நீர் வற்றிக் கிலோமீட்டர் கணக்கில் சேற்றுநிலம் வெளிப்படும். ஜெர்மனி, நெதர்லாந்துப் பகுதிகள் 2009இலும் டென்மார்க் பகுதி 2014இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தச் சேற்றில், வழிகாட்டியோடு நடக்கும் ஒரு மாணவி இவ்வாறு எழுதலாம்: ‘காலை 7.20. கடல் வற்றத் தொடங்கி நான்கு மணி நேரம். மேற்குக் காற்று, மிதமானது. கால் கணுக்கால் வரை புதைகிறது. ஒரு சதுர மீட்டர்ச் சட்டத்துக்குள் மணற்புழுக்கள் வெளித்தள்ளிய சுருள் மண் 23. சற்றுத் தொலைவில் சிப்பி பிடிப்பான் பறவைகள் 4, மூன்று இரை தேடுகின்றன, ஒன்று நிற்கிறது. வழிகாட்டி, அறுபதைக் கடந்தவர், சொன்னது: தம் சிறு வயதில் இந்த இடத்தில் கால் இவ்வளவு புதையாதாம். சரிபார்க்க வேண்டும்.’

இந்தப் பக்கத்தில் எண்ணியது, கண்டது, கேட்டது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே நிற்கின்றன. வழிகாட்டி சொன்னது அவர் சொல்லாகவே பதிவாகிறது. அது உண்மை என்றும் எழுதவில்லை, கதை என்று தள்ளவும் இல்லை. அன்று மாலை ஊருக்குள் நடக்கும்போது, தேவாலயமும் பழைய வீடுகளும் சுற்றியுள்ள நிலத்தைவிட உயரமான மேட்டில் இருப்பதை அவள் கவனித்தால், அதையும் அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுத வேண்டும். கடலைத் தடுக்கும் கரைகள் எழுப்பப்படுவதற்கு முன்பு அப்பகுதி மக்கள் மண்ணைக் குவித்து மேடாக்கி அதன்மேல் குடியிருந்தார்கள். காலையில் கணுக்காலை இழுத்த அதே ஓதம்தான் அந்த ஊரின் அமைப்பையும் தீர்மானித்திருக்கிறது. இயற்கைக்கு ஒரு நோட்டு, பண்பாட்டுக்கு ஒரு நோட்டு என்று பிரித்துக்கொண்டவர்களுக்கு இந்தத் தொடர்பு எளிதில் கண்ணில் படாது.

ஆனால் மன உணர்வுகளுக்கு வேறொரு நோட்டு இருப்பது நல்லது. முதல் உலகப்போர்க் காலத்தில், இன்றைய பப்புவா நியூ கினியைச் சேர்ந்த டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கியின் அந்தரங்க நாட்குறிப்பு, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு 1967இல் வெளியானபோது, அதிலிருந்த எரிச்சலும் சலிப்பும் வீட்டு நினைவும் படித்தவர்களைத் திகைக்க வைத்தன. களத்தில் அத்தகைய நினைப்புகள் எழுவது இயல்பே. அவற்றை ஆய்வுக் குறிப்புக்கு நடுவே எழுதினால், பிறகு ஆசிரியரிடமோ விருந்தளித்த குடும்பத்திடமோ நோட்டைக் காட்ட முடியாமல் போய்விடும்.

ஒவ்வோர் இரவும் அரைமணி நேரம் ஒதுக்கி, பகலில் கிறுக்கியதை முழு வாக்கியங்களாக எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் எண்கள் முதலில் மறந்துபோகும்; அடுத்ததாக யார் சொன்னது என்பது மறந்துபோகும். எழுதி முடித்த பக்கங்களைப் படமெடுத்துச் சேமிப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் படங்களை ஏற்றினால் இனங்களை அடையாளம் காணப் பிறர் உதவுவார்கள். அதுவும் பெர்க்லி மாணவர்களின் முதுகலைத் திட்டமாக 2008இல் தொடங்கியதுதான். அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் குறிப்பெடுக்கும் பழக்கத்துக்கும் ஏதோ ஒரு விட்டகுறை தொட்டகுறை போலும். அழியும் நிலையிலுள்ள இனங்களின் சரியான இருப்பிடத்தை அச்செயலி தானாகவே மறைத்துவிடும். அதே படத்தை இருப்பிடத்தோடு வேறு தளத்தில் நீங்களே பகிர்ந்தால் அந்தப் பாதுகாப்பால் பயனில்லை.

அனுமதி

ஒருவரைப் படமெடுக்கவும் குரலைப் பதிவுசெய்யவும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அது எங்கே பயன்படும் என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைகளைப் பொறுத்தவரை பெற்றோரின் சம்மதம் இன்றி எடுக்கவே கூடாது. இடங்களுக்கும் இதே மரியாதை உண்டு. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைமீது ஏறுவது, அந்நிலத்தின் மரபுரிமையாளர்களான அனங்கு மக்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டதற்குப் பிறகு, 2019 அக்டோபர் 26 முதல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. பாறையின் அடிவாரத்தில் சில பகுதிகளைப் படமெடுக்க வேண்டாம் என்று அறிவிப்புப் பலகைகளும் உள்ளன. ‘ஏன்?’ என்று கேட்கலாம். முழு விளக்கம் கிடைக்காமலும் போகலாம். சில அறிவு வெளியாருக்குச் சொல்லப்படுவதில்லை என்பதும் அங்கே கற்க வேண்டிய பாடத்தில் அடங்கும். அதைக் குறிப்பில் அப்படியே எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உயிரினங்களிடம் அனுமதி கேட்க முடியாது என்பதால் அங்கே விதிகள் கறாராக இருக்கின்றன. கோஸ்டா ரிகாவின் டோர்ட்டுகெரோ கடற்கரையில் ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சை ஆமைகள் முட்டையிட வரும்போது, உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இரவில் மணலில் கால்வைக்க முடியாது. கேமராவுக்கும் டார்ச் விளக்குக்கும் தடை. வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே ஆமை கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். தவளைகளைக் கையாளும் வகுப்பு இருந்தால், அன்று கையில் கொசுவிரட்டி பூசாதீர்கள்; தவளையின் தோல் அதை உறிஞ்சிக்கொள்ளும். நினைவுக்காகப் பவளத் துண்டையோ இறகையோ பெட்டியில் வைக்கும் பழக்கமும் ஆபத்தானது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தி 1975 முதல் நடைமுறையிலுள்ள சைட்டிஸ் உடன்படிக்கையின்கீழ் கல் பவளங்களை எல்லை தாண்டிக் கொண்டுசெல்வது கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆய்வுக்கான இலை, மண் மாதிரிகளுக்கும் பல நாடுகளில் எழுத்துமூல அனுமதி தேவை. உங்கள் ஆசிரியர் வாங்கியிருப்பார் என்று எண்ணிக்கொள்ளாமல், நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பத்தோடு தங்கும் ஏற்பாடு இருந்தால், முதல் நாளே உணவு, குளியல், இரவு திரும்பும் நேரம் ஆகியவற்றில் வீட்டு வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நேர்காணல் போல உட்கார்ந்து கேட்பதைவிட, காய் நறுக்கும்போதோ தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதோ உடனிருந்தால் நிறையத் தெரியவரும். எந்தச் செடியை எதற்காக வளர்க்கிறார்கள், மழை வருவதை எதை வைத்துச் சொல்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளிலிருந்தே ஒரு முழு அறிக்கைக்கான பொருள் கிடைத்துவிடும்.

இரண்டாம் வாரம்

கனடிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபர்க், புதிய பண்பாட்டில் வாழ நேர்வோர் முதலில் மகிழ்ச்சியிலும் பிறகு தளர்ச்சியிலும் விழுந்து, மெல்ல மீண்டு பழகுவதாக 1960இல் விவரித்தார். எல்லோருக்கும் இதே வரிசையில் நிகழ்வதில்லை என்றாலும், குறுகிய திட்டத்தில் இரண்டாம் வாரம் பலருக்கும் கனமாகவே இருக்கும்: உணவு அலுக்கும், மொழி தலையை வலிக்கச் செய்யும், குழுவினர்மீது காரணமில்லாத கோபம் வரும். அந்த வாரத்தில் வீட்டுக்கு நாள்தோறும் நெடுநேரம் பேசினால் ஏக்கம் பெரும்பாலும் கூடவே செய்கிறது; பேசும் நேரத்தை வரையறுத்துக்கொண்டு, தினமும் ஒரே இடத்துக்குத் தனியாக நடந்துபோய்க் குறிப்பெழுதுவது உதவும். தூக்கமின்மையும் பசியின்மையும் நாள்கணக்கில் நீடித்தால் பொறுப்பாளரிடம் தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.

திரும்பும்போது

அங்கே பெற்ற மதிப்பெண்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள உங்கள் கல்லூரி கேட்கக்கூடிய பாடத்திட்ட விவரம், வகுப்பு மணிக்கணக்கு, வாசிப்புப் பட்டியல் ஆகியவற்றை அங்கிருந்து கிளம்பும் முன்பே கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். கோடை முடிந்ததும் அந்த அலுவலகத்தில் பதில் சொல்ல ஆள் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. அறிக்கையை ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் எழுதத் தொடங்குங்கள். சமர்ப்பிக்கும் முன்பு, யாருடைய சொற்களை மேற்கோள் காட்டியிருக்கிறீர்களோ அவர்களுக்கு உரிய பகுதியை, அவர்கள் படிக்கும் மொழியில், அனுப்பிவைக்க வேண்டும். ஊர்ப் பெயரோ செடியின் பெயரோ பிழையாக இருந்தால் திருத்துவார்கள். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்றும் சிலர் எழுதுவார்கள். அத்தகைய பதில் வந்தால் உங்கள் வாக்கியத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாமல், குறிப்பேட்டில் இருந்ததையும் அவர்களின் திருத்தத்தையும் பின்னிணைப்பில் அருகருகே கொடுத்துச் சமர்ப்பியுங்கள்.