கோர்ட்டுப் படி ஏறும் முன்: நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறுகள்

"இது சென்ட்ரல் கவர்மென்ட் சட்டம், டெல்லிக்குத்தான் போகணும்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே வாச்சாத்தி நினைவுக்கு வரும். அரூர் பக்கத்து அந்த மலையடிவார ஊரில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து செய்த கொடுமையை விசாரித்தது மத்திய அரசின் சிபிஐ. வழக்கு நடந்ததோ நம் தர்மபுரி மாவட்ட நீதிமன்றத்தில். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று அங்கேதான் தீர்ப்பு வந்தது. அப்பீல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனை உறுதியானது.

அமெரிக்காவில் மத்திய சட்டத்துக்குத் தனிக் கோர்ட்டுகள், மாநிலச் சட்டத்துக்குத் தனிக் கோர்ட்டுகள். நம் நாடும் கூட்டாட்சிதான், ஆனால் ஏணி ஒன்றுதான். சிவில் வழக்கு என்றால் முன்சீப், சார்பு, மாவட்டம், உயர், உச்சம். சட்டம் டெல்லியில் போட்டதா சென்னையில் போட்டதா என்பது பெரும்பாலும் கேள்வியே இல்லை. நமக்கு உயர் நீதிமன்றம் சென்னைதான். 2004இல் வந்த மதுரைக் கிளை தென்மாவட்டங்களுக்கு.

நேராகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்விடலாம் என்ற நினைப்பும் நிறையப் பேருக்கு உண்டு. அடிப்படை உரிமை பறிபோனால் நேராகப் போகலாம், சரி. சொத்துத் தகராறுக்கு அந்த வழி கிடையாது. காவிரியையே பாருங்கள். 1990இல் நடுவர் மன்றம் அமைத்தார்கள், 2007இல் அதன் தீர்ப்பு வந்தது, அதை எதிர்த்துப் போன பிறகுதான் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகா எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் தர வேண்டும் என்றது. மாநில அரசுகளே அத்தனை வருடம் படிப்படியாக ஏறியிருக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு எது என்றால், கீழ்க்கோர்ட்டை அலட்சியமாக நினைப்பதுதான். மஞ்சப்பையில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், கிஸ்தி ரசீது, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் கட்டி வைத்துக்கொண்டு, "இங்க தோத்தா பரவாயில்ல, ஹைகோர்ட்ல காட்டிக்கலாம்" என்பார்கள். அந்தப் பை திறக்க வேண்டிய இடம் முன்சீப் கோர்ட். சாட்சி கூண்டில் ஏறுவதும், பத்திரத்துக்கு எண் போட்டுச் சான்றாவணம் ஆக்குவதும் அங்கேதான். முதல் அப்பீலில் புது ஆவணத்தை ஏற்றுக்கொள்வதே அபூர்வம். ஏன் முன்பே தரவில்லை என்பதற்குச் சரியான காரணம் கேட்பார்கள். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் வழக்கையே எடுப்பார்கள். வரப்பு யாருடையது, கிணற்றில் யாருக்கு எத்தனை முறை என்பதையெல்லாம் அங்கே மறுபடி முதலிலிருந்து பேச முடியாது. அதனால் அந்தப் பையை முதல் நாளே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு ஜெராக்ஸ் செட் உங்களிடம் இருக்கட்டும்.

பட்டாவைத் தீர்ப்பு என்று நம்புவது இன்னொன்று. தாசில்தார் மாற்றிய பட்டாவை எதிர்த்து ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்), அதற்கு மேல் டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) என்று போகலாம். ஆனால் அது வருவாய்த்துறையின் ஏணி. நிலம் யாருக்குச் சொந்தம் என்று முடிவாகச் சொல்வது சிவில் கோர்ட் மட்டுமே. டிஆர்ஓ உத்தரவு வந்ததும் வெற்றி என்று பட்டாசு வெடித்தவர், எதிராளி போட்ட உரிமை வழக்கில் சம்மன் வந்ததும் அதை வாங்காமல் திருப்பி அனுப்புகிறார். வாங்க மறுத்தால் வாங்கியதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அப்புறம் அவர் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. அதை நீக்கக் கேட்க 30 நாள்தான்.

ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் செக் தகராறு அதிகம். தக்காளி ஏற்றி அனுப்பினோம், பெங்களூரு வியாபாரி கொடுத்த செக் திரும்பிவிட்டது, அங்கே போய்க் கேஸ் போட வேண்டுமே என்று பணத்தையே கைகழுவி விடுகிறார்கள். வேண்டியதில்லை. செக்கை உங்கள் கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பியிருந்தால், 2015 சட்டத் திருத்தத்தின்படி, உங்கள் கணக்கு உள்ள வங்கிக் கிளை எந்தக் கோர்ட் எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் வழக்கு. கணக்கு ஓசூரில் என்றால் ஓசூர் கோர்ட். வரவேண்டியவர் அவர்தான். ஆனால் நாள் கணக்கில் கவனம் வேண்டும். வங்கி தகவல் கொடுத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம், அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். நிலத்துக்கு இது பொருந்தாது. நிலம் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் வழக்கு.

தோற்றுவிட்டால் அன்றைக்கே தீர்ப்பு நகலுக்கு மனு போடச் சொல்லுங்கள். சிவில் வழக்கில் மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் தயாராக ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்வார்கள், ஆனால் நீங்கள் மனுப் போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களைக் கழிக்க மாட்டார்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள்.