பாக்டீரியா கூட்டமாக நகர்வதைத் தட்டில் பார்ப்பது எப்படி?

ஈரமான அகார் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி) மேல் பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாக ஊர்ந்து பரவுவதை ஸ்வார்மிங் என்பார்கள். சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

1. ரகம்

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் காட்டு ரகமான என்சிஐபி 3610. எங்கும் கிடைக்கும் 168 ரகம் வேண்டவே வேண்டாம். ஆய்வகத்திலேயே வளர்ந்து பழகியதில் அதில் இரண்டு மரபணுக்கள் பழுதாகிவிட்டன. ஒன்று எஸ்எஃப்பி; அது இல்லாமல் பரப்பை வழுக்கலாக்கும் சர்ஃபாக்டின் உருவாகாது. இன்னொன்று எஸ்டபிள்யூஆர்ஏ, பாக்டீரியா நகர உதவும் வால் போன்ற கசையிழைகளைக் கூட்டுவது அதுதான். காட்டு ரகம் இப்படி நகர்வதை 2003இல் கெர்ன்ஸ், லோசிக் என்ற ஆய்வாளர்கள் விவரித்தார்கள்.

2. தட்டு

எல்பி என்ற வழக்கமான பாக்டீரியா வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 7 கிராம் அகார். வழக்கமான 15 கிராம் போட்டால் கெட்டியாகிவிடும். ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), தட்டுக்கு 25 மி.லி. ஊற்றி இறுகவிடுங்கள். அப்புறம் லேமினார் ஹூடில் (வடிகட்டிய காற்று வீசும் பெட்டியில்) மூடியைத் திறந்து 10 முதல் 20 நிமிடம் உலர்த்துங்கள். பலருக்கும் சோதனை கெடுவது இங்கேதான். அதிகம் உலர்ந்தால் எதுவும் நகராது. தண்ணீர் தேங்கினால் பாக்டீரியா அதில் நீந்திப் பரவும். அது ஸ்வார்மிங் கணக்கில் வராது. ஒப்பிடப்போகும் தட்டுகளை ஒரே நாளில் ஊற்றி, ஒரே நேரம் உலர்த்துங்கள்.

3. வைப்பது

வேகமாக வளரும் நிலையில் உள்ள பாக்டீரியாவை மையவிலக்கியில் சுழற்றி, கொஞ்சம் இந்தியன் இங்க் (கருப்பு மை) கலந்த பாஸ்பேட் கரைசலில் அடர்த்தியாகக் கலக்குங்கள். தட்டின் நடுவில் 10 மைக்ரோலிட்டர் வையுங்கள். பாக்டீரியா நகர்ந்தாலும் மை அங்கேயே நிற்கும், தொடங்கிய இடம் தெரியும்.

4. அளப்பது

தட்டை 37 டிகிரி செல்சியஸில் வையுங்கள். தட்டின் அடியில் ஒரு கோடு போட்டு, அரை மணிக்கு ஒருமுறை அதன்மேலேயே அளந்து குறியுங்கள். முதல் இரண்டு மணி நேரம் போல ஒன்றும் நடக்காது. சோதனை கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முக்கியமான வேலை அப்போதுதான் பாக்டீரியாவுக்குள் நடக்கிறது. திரவத்தில் இருக்கும்வரை லோன்ஏ என்ற நொதி, எஸ்எம்ஐஏ புரதத்தின் துணையோடு எஸ்டபிள்யூஆர்ஏ புரதத்தை வெட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். பரப்பைத் தொட்டதும் வெட்டுவது குறைகிறது. புரதம் சேர்கிறது, கசையிழை மரபணுக்களின் வெளிப்பாடு கூடுகிறது, கூட்டம் கிளம்புகிறது. எஸ்டபிள்யூஆர்ஏ-வை அளவுக்கு மீறி உருவாக்கும் ரகத்தில் இந்தக் காத்திருப்பே இருப்பதில்லை.

5. ஒப்பீடு

எஸ்டபிள்யூஆர்ஏ நீக்கப்பட்ட ரகம் ஒன்றையும் இன்னொரு தட்டில் பக்கத்திலேயே வையுங்கள். 3610 பரவி, மரபணு நீக்கிய ரகம் மைப் புள்ளியிலேயே நின்றால் சரி. இரண்டுமே நின்றால் மரபணுவைச் சந்தேகிக்க வேண்டாம், தட்டு உலர்ந்த நேரத்தைப் பாருங்கள்.