எம்ஜிபி எஞ்சினை வீட்டிலேயே இறக்கிக் கட்டுவது எப்படி?

1963ஆம் ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஆரம்பத்திலேயே மணலில் புதைந்தது. ஓட்டிய ஆலன் ஹட்சசன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கையால் மணலைத் தோண்டி அதை வெளியே எடுத்தார். பிறகு அவரும் பேடி ஹாப்கர்க்கும் மாறி மாறி ஓட்டி 12ஆம் இடத்தில் முடித்தார்கள், தங்கள் பிரிவில் வெற்றியும் பெற்றார்கள். அந்த வண்டியின் எஞ்சின் ஒன்றும் பிரமாதமான வேகக்காரன் அல்ல. ஆனால் நிற்காமல் ஓடியது. வார இறுதிப் பந்தயங்களுக்காக வீட்டில் எஞ்சின் கட்ட நினைக்கும் புதியவருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். குதிரைத்திறனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கொடி விழும் வரை ஓடும் எஞ்சினைக் கட்டுங்கள்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரானது. எஞ்சின் 1,798 சிசி. சிலிண்டர்கள் உள்ள பிளாக், அதன் மேல்மூடியான ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. இன்றும் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான எஞ்சினை நான் பார்த்ததில்லை.

எந்த பிளாக்கை வாங்குவது?

1964 இறுதி வரை வந்த 18ஜி, 18ஜிஏ என்ற குறியீடுள்ள எஞ்சின்களில், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்கின. அதற்குப் பின் வந்த 18ஜிபி முதல் ஐந்து. பந்தயத்துக்கு ஐந்து பேரிங் எஞ்சினையே தேடுங்கள். அதிக வேகத்தில் கிராங்க் வளைந்து கொடுப்பது குறைவு. பின்பக்கம் முறையான ஆயில் சீலும் உண்டு. மூன்று பேரிங் எஞ்சினில் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகு வரிப்பள்ளம் மட்டும்தான்.

எதையும் வாங்கும் முன் நீங்கள் ஓடப்போகும் பிரிவின் விதிமுறைப் புத்தகத்தை வரி வரியாகப் படியுங்கள். போரை, அதாவது சிலிண்டர் துளையை, எவ்வளவு பெரிதாக்கலாம், எந்தக் கார்புரேட்டர், எந்த கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) என்பதெல்லாம் அதில் இருக்கும். சரித்திர கார்களுக்காக உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ வகுத்த விதிகளில் ஓடுவதென்றால் அந்தக் காலத்து அமைப்பு மாறக்கூடாது.

பிரிப்பது

பிரிப்பதற்கு ஒரு நாள் போதும். அவசரப்பட்டால், பின்னால் ஒரு மாதம் போய்விடும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி உறைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். மெயின் பேரிங் தொப்பிகளும், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு தொப்பிகளும் அந்தந்த இடத்தில் வைத்தே துளையிடப்பட்டவை. இடம் மாறினாலோ திருப்பிப் பொருத்தினாலோ துளை வட்டமாக இருக்காது. எண் இல்லையென்றால் நீங்களே பக்கவாட்டில் குத்திக்கொள்ளுங்கள்.

பழைய பேரிங்குகளை எறிந்துவிடாதீர்கள். வரிசையாக ஒரு பலகையில் அடுக்கிப் பாருங்கள். சாம்பல் மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் எங்கே தெரிகிறது? ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம். எல்லாவற்றிலும் நீளக் கீறல்கள் இருந்தால் ஆயிலில் அழுக்கு ஓடியிருக்கிறது. அந்த எஞ்சின் எப்படி வாழ்ந்தது என்பதை இந்தத் தகடுகள்தான் சொல்லும்.

கிராங்க்கில் பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதியின் மீது விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டினால் கிரைண்டிங் கட்டாயம்.

கழுவுவது

இந்தப் படியைத்தான் எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நானும் முதல் எஞ்சினில் அப்படித்தான் முடித்தேன். பிளாக்கைப் பட்டறையில் சூடான தொட்டியில் கழுவி வாங்கினேன். வெளியே பளபளவென்று இருந்தது. ஆயில் பாதைகளின் முனையில் இருந்த அடைப்புகளைக் கழற்றச் சொல்லவில்லை, நானும் கழற்றவில்லை. இரண்டாவது பந்தய நாளில், நீண்ட வலது வளைவிலிருந்து வெளியே வரும்போது அடியிலிருந்து ஒரு தட்டல் சத்தம். சத்தம் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறியது. பிரித்தபோது மூன்றாவது ராடு பேரிங் சிகரெட் அட்டையின் தாள் போல மெலிந்து சுருண்டிருந்தது. அடைப்பைத் துளைத்து எடுத்தேன். உள்ளே ஐம்பது வருடக் கசடு, அதில் ஒட்டிக்கொண்டு மணல் மணலாக, போர் குடைந்தபோது விழுந்த இரும்புத்தூள்.

ஆகவே, பிளாக்கில் உள்ள எல்லா ஆயில் பாதை அடைப்புகளையும் கழற்றுங்கள். பித்தளை அடைப்பென்றால் நடுவில் துளையிட்டு, வரிவெட்டி, ஒரு போல்ட்டை முறுக்கி இழுத்தால் வந்துவிடும். துப்பாக்கிக் குழல் சுத்தம் செய்யும் நீளமான தூரிகையை சோப்பு வெந்நீரில் நனைத்து, ஒவ்வொரு பாதையிலும் முன்னும் பின்னும் இழுங்கள். கிராங்க்கின் உள்ளே ஓடும் குறுக்குத் துளைகளையும் விடாதீர்கள். மறுபக்கம் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு காற்றழுத்தத்தால் ஊதுங்கள். துணியில் கறுப்புப் புள்ளி ஒன்றுகூட விழாத வரைக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். போர் சுவர்களைக் கடைசியில் ஆயில் நனைத்த துணியால் துடையுங்கள். ஹோன் செய்த (போர் சுவரைத் தேய்த்து நுண்வரி போட்ட) தூள் சோப்பு நீரில் போனாலும் மிச்சம் கொஞ்சம் நுண்வரிகளில் தங்கும். ஆயில் துணி அதை எடுக்கும். வார்ப்பிரும்பு அரை மணியில் துருப்பிடிக்கும், உடனே மெல்ல ஆயில் தடவி மூடி வையுங்கள்.

பட்டறைக்குக் கொடுப்பவை

வீட்டில் செய்ய முடியாத வேலைகள் நான்கு: போர் செய்வது, கிராங்க் கிரைண்டிங், ஹெட்டின் வால்வு இருக்கை வேலை, சுழலும் பாகங்களின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங். பந்தய எஞ்சினுக்கு ஐந்தாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கிராங்க்கையும் ராடுகளையும் காந்த முறையில் விரிசல் சோதனை செய்யச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் மேற்கொண்டு ஒரு காசும் அதன்மேல் செலவழிக்காதீர்கள்.

தொழிற்சாலை அளவில் போர் 80.26 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 88.9 மி.மீ. அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு பெரிதாக்கினால் போர் 81.78 மி.மீ. ஆகி, எஞ்சின் சுமார் 1,868 சிசி ஆகும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைப் பட்டறையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்குப் போர் செய்யச் சொல்ல வேண்டும். போர் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடக்கூடாது.

ராடு போல்ட்டுகளைப் புதிதாக, தரமாக வாங்குங்கள். இந்த எஞ்சின் தொழிற்சாலை அமைப்பில் நிமிடத்துக்கு 5,400 சுழற்சியில் உச்சத் திறனைக் கொடுத்தது. நீங்கள் 6,500 வரை கொண்டுபோவீர்கள். சுழற்சி ஒன்றே கால் மடங்குகூட உயரவில்லை. ஆனால் போல்ட்டின் மீதான இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். பணத்தை மிச்சப்படுத்தும் இடம் இது அல்ல.

அளப்பது

பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே ஆயில் நிற்கும் இடைவெளிதான் எஞ்சினின் உயிர். இந்த எஞ்சினுக்கு அது 0.025 முதல் 0.068 மி.மீ. வரை இருக்கலாம். பந்தயத்துக்கு நான் 0.05ஐ ஒட்டி வைக்கிறேன். ஒரு தலைமயிரின் தடிமன்தான்.

மைக்ரோமீட்டர் பழகும் வரை, பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு இழை உங்களுக்கு உதவும். பேரிங் தகடுகளின் முதுகும் அவை உட்காரும் இடமும் எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்திருக்க வேண்டும். கிராங்க்கை இறக்கி வைத்து, அதன்மேல் நீளவாக்கில் இழையின் ஒரு துண்டை வையுங்கள். தொப்பியை மூடி, மெயின் போல்ட்டுகளை முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் 70 பவுண்டு-அடிக்கு, அதாவது 95 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். கிராங்க்கைத் துளியும் சுழற்றாதீர்கள். பிறகு தொப்பியைத் திறந்தால் நூல் போலிருந்த இழை நாடாபோல் நசுங்கியிருக்கும். உறையில் அச்சிட்ட கோடுகளோடு அகலத்தை ஒப்பிடுங்கள். அகலமாக நசுங்கினால் இடைவெளி குறைவு. ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் இருந்தால் கிரைண்டிங் சாய்வாகிவிட்டது, கிராங்க்கைத் திருப்பிக் கொண்டுபோங்கள். ஐந்து மெயின், நான்கு ராடு, ஒன்பதையும் அளந்து நோட்டில் எழுதுங்கள்.

கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை நடு மெயின் பேரிங்கில் உள்ள அரைவட்டத் தகடுகள் கட்டுப்படுத்துகின்றன. அவற்றின் ஆயில் பள்ளம் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். முதல்முறை கட்டுபவர்கள் இதை மாற்றிப் போட்டுவிடுவது சகஜம்.

பிஸ்டன், ரிங்

ஒவ்வொரு ரிங்கையும் அது ஓடப்போகும் போரிலேயே இறக்கி, பிஸ்டனின் தலையால் சமமாகத் தள்ளி, முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவிட்ட மெல்லிய தகடுகள்) பாருங்கள். ரிங்கோடு வரும் தாளில் உள்ள அளவே இறுதி. பொது வழக்கம், போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் 4 பங்கு. இந்தப் போருக்கு 0.33 மி.மீ. வரும். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் தேய்க்கலாம். சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டால் பிஸ்டன் உடையும்.

பிஸ்டனை இறக்கும்போது ராடு போல்ட்டுகளின் மேல் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டுங்கள். கிராங்க்கில் கீறல் விழாது. சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டினால் இறங்க வேண்டும். எங்காவது நின்றால் அடிக்காதீர்கள், ஒரு ரிங் வெளியே பிதுங்கியிருக்கிறது. ஒவ்வொரு பிஸ்டனும் இறங்கியதும் கிராங்க்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். திடீரென்று இறுகினால், கடைசியாக மாட்டியதில்தான் குற்றம் என்று தெரிந்துவிடும்.

கேம் நேரம்

கிராங்க், கேம் சக்கரங்களில் உள்ள புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துச் செயினை மாட்டினால் எஞ்சின் ஓடும். பந்தய கேமுக்கு அது போதாது. கேம் அரைத்தவர், சாவிப்பள்ளம் வெட்டியவர், பிளாக்கைச் சீவியவர் எல்லோருடைய சிறு பிழைகளும் அங்கே கூடுகின்றன.

கிராங்க்கின் முனையில் பாகைத் தட்டு ஒன்றை மாட்டி, வளைத்த கம்பியை முள்ளாக வையுங்கள். முதல் பிஸ்டன் உச்சியில் சில பாகைகள் அசையாமல் நிற்பதால், கண்ணால் உச்சியைப் பிடிக்க முடியாது. நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பிஸ்டன் மேல் வைத்து, உச்சிக்கு 1 மி.மீ. முன்பும் 1 மி.மீ. பின்பும் பாகையைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. தட்டின் பூஜ்யத்தை அங்கே கொண்டுவாருங்கள். இப்போது டயல் கேஜை முதல் சிலிண்டரின் இன்டேக் புஷ் ராடின் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கம்பி) மேல் வையுங்கள். முன்பக்கத்திலிருந்து எண்ணினால் அது இரண்டாவது. அதே முறையில், முழு ஏற்றத்துக்கு 1 மி.மீ. முன்னும் பின்னும் பாகையைப் படித்து நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். எப்போதும் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் செயினின் தொய்வு கணக்கைக் கெடுக்கும். கேமோடு வந்த அட்டையில் 106 பாகை என்றிருந்து உங்களுக்கு 110 வந்தால், கேம் 4 பாகை தாமதம். ஆஃப்செட் கீ (விலகலாக வெட்டிய சாவி) அல்லது நகர்த்தக்கூடிய சக்கரத்தால் சரிசெய்யலாம். எனக்கு முதல்முறை இதற்கு ஒரு முழு மாலை பிடித்தது. நடுப்புள்ளி மூன்று முறை அளந்தும் ஒரே எண்ணாக வந்தபோது கிடைத்த நிம்மதியை எந்தப் பந்தயமும் எனக்குத் தந்ததில்லை.

ஹெட்

ஹாரி வெஸ்லேக் வடிவமைத்த இதய வடிவ எரியறைகள் கொண்ட ஹெட் இது. ஈயமில்லாத பெட்ரோலுக்கு எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான இருக்கைகள் போடச் சொல்லுங்கள். எரியறையின் கொள்ளளவை நீங்களே அளக்கலாம்: வால்வு, பிளக் மாட்டி, மேலே துளையிட்ட கண்ணாடிப் பலகையைக் கிரீஸ் தடவி ஒட்டி, அளவுக்குழாயிலிருந்து நிறமேற்றிய திரவத்தை விட்டு நிரப்புங்கள். 1,868 சிசி எஞ்சினில் 10.5 அமுக்க விகிதம் வேண்டுமென்றால் எரியறை, கேஸ்கட், பிஸ்டன் குழி எல்லாம் சேர்ந்து ஒரு சிலிண்டருக்கு 49 சிசி இருக்க வேண்டும். நான்கும் ஒரே அளவாக இருப்பதே முக்கியம்.

ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று தவணைகளில் 45 முதல் 50 பவுண்டு-அடி வரை முறுக்குங்கள். சிறப்பு ஸ்டட் போட்டிருந்தால் அதன் தாளில் உள்ளதைப் பின்பற்றுங்கள். டேப்பட் இடைவெளியை (வால்வுக்கு விடும் சிறு ஆட்டம்) சரிசெய்ய எளிய கணக்கு உண்டு: வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள், 8 முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஐ, 7 திறந்திருக்கும்போது 2ஐ, இப்படிக் கூட்டுத்தொகை 9 வருமாறு சரிசெய்யுங்கள்.

முதல் ஓட்டம்

ஆயில் சட்டியில் தடுப்புத் தகடு வைக்காமல் பந்தயத்துக்குப் போகாதீர்கள். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சும். கேமுக்கும் டேப்பட்டுகளுக்கும் அவற்றுக்குரிய பசையைத் தடவியிருக்க வேண்டும். துத்தநாகம் நிறைந்த 20டபிள்யூ50 ஆயிலை ஊற்றுங்கள்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். அழுத்தமானியின் முள் அசைய மறுக்கும். சில விநாடிகள் சுற்றுங்கள், ஸ்டார்ட்டரை ஆறவிடுங்கள், மறுபடி சுற்றுங்கள். முள் எழுந்து நின்ற பிறகே பிளக்கை மாட்டுங்கள். எஞ்சின் பற்றியதும் ஐடிலில் விடாதீர்கள். உடனே 2,000 முதல் 2,500 சுழற்சிக்கு ஏற்றி 20 நிமிடங்கள் ஓடவிடுங்கள். குறைந்த வேகத்தில் கேமுக்கு ஆயில் தெறிப்பது போதாது, புதுக் கேமின் முனை சில நிமிடங்களில் தேய்ந்துவிடும். ஆயில் அழுத்தம் 50 முதல் 80 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். விழுந்தால் யோசிக்காமல் அணையுங்கள்.

ஆறியதும் ஹெட் நட்டுகளையும் டேப்பட்டையும் மறுபடி பாருங்கள். ஆயிலை மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புத் தாளை வெயிலில் விரித்து, ஒரு காந்தத்தை அதன்மேல் நகர்த்துங்கள். காந்தத்தில் மெல்லிய கருஞ்சாம்பல் ஒட்டினால் அது ரிங் பழகும் தூள், கவலை வேண்டாம். காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளியாக மின்னும் செதில்கள் தெரிந்தால் அது பேரிங், சட்டியைக் கழற்றுங்கள். எனது இரண்டாவது எஞ்சினின் ஃபில்டர் தாள் சாம்பல் மட்டும் காட்டியது. அந்தத் தாளை இன்னும் நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.